திரும்பி வர எத்தனை சீட்டு

ஹலோ... ஹலோ... பாப்பா, கேக்குதா... அப்பாதான் பேசறேன். ... நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன். கொஞ்சம் மாட்டிக்கிட்டிருக்கேன், அவ்வளவுதான். ... சே சே, போலீஸ் எல்லாம் இல்ல. லிஃப்ட்ல. ... ஆமா, நான் ரிப்பேர் பண்ண லிஃப்ட்லதான். ... சிரி, சிரி. சிரிச்சு முடிச்சிட்டுச் சொல்லு, காத்திருக்கேன். எனக்கு இப்ப எங்கேயும் போற அவசரம் இல்ல. போகவும் முடியாது.

... மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல. கதவை இழுத்துத் திறந்தா எதிர்ல சுவர். யாரோ கொத்தனாரோட கட்டைவிரல் சிமெண்ட்ல அப்படியே பதிஞ்சிருக்கு. ரொம்ப நேரமா அதைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன். நல்ல விரல்.

... எப்படின்னா... லிஃப்ட்டுக்கு அடியில ரெண்டு பக்கமும் தாடை மாதிரி ஒண்ணு இருக்கும். கயிறு கியிறு அறுந்து லிஃப்ட் தலைதெறிக்க விழுந்தா, அது ரெண்டு பக்கத் தண்டவாளத்தையும் கவ்விப் பிடிச்சுக்கும். உசுரு காக்கிற சாமான். எந்த வேகத்துல கவ்வணும்னு மேல மெஷின் ரூம்ல ஒரு ஸ்பிரிங் இருக்கு. காலையில அதைச் சரி பண்றேன்னு ஒரு சுத்து கூடுதலாத் தளர்த்திட்டேன். அப்புறம் டீ குடிக்கலாம்னு அதே லிஃப்ட்ல ஏறி இறங்கினேன். அது எப்பவும் போல மெதுவாத்தான் இறங்குச்சு. ஆனா அதுக்கு என்னமோ உலகமே விழற மாதிரி தோணியிருக்கு. கப்புன்னு கவ்விடுச்சு.

... பயமா... எதுக்குப் பயம்... இதைவிடப் பத்திரமான இடம் இந்த ஊர்லயே கிடையாது. இப்ப இடி விழுந்தாக்கூட இது அசையாது. அதான் பிரச்சினையே.

... ஸ்பேனர் மாமா வந்துக்கிட்டிருக்கார். அவர் இன்னைக்கு மார்க்கெட் பக்கத்துல வேற கட்டடத்துல இருக்கார். அவர் வந்து மேல சக்கரத்தைக் கையால சுத்தி கொஞ்சம் தூக்கினா விட்டுடும். விஷயத்தைச் சொன்னதும் மனுஷன் நிதானமா சிரிச்சு முடிச்சிட்டு, அப்புறம்தான் பைக் சாவியைத் தேடப் போனார். முப்பது வருஷம் ஒண்ணா வேலை பார்த்த ஆளு வேற எப்படி இருப்பார்...

சரி, அது கிடக்கட்டும். நான் கூப்பிட்டது அதுக்கில்ல. இந்த வாரக் கடைசி... சனி ஞாயிறு விஷயம். ... வர்றேன்னு போன வாரமே சொன்னேன்ல. ... சொன்னேன் பாப்பா. நீ ‘ம்’னு சொன்னே. உங்க வீட்டு ‘ம்’முக்கு என்ன அர்த்தம்னு உங்கம்மாவைக் கட்டின நாள்லேருந்து தேடிக்கிட்டிருக்கேன், இன்னும் கிடைக்கலை. ... ஆமா, என் வீடும்தான். சரி, நம்ம வீட்டு ‘ம்’மு.

... கேளு. டிராவல்ஸ்காரர்கிட்ட பேசிட்டேன். சனிக்கிழமை விடிகாலை வண்டி. பத்து மணிக்கெல்லாம் உங்க ஊர்ல இறங்கிடுவேன். போறதுக்கு ஒரு சீட்டு, அதுல குழப்பம் இல்ல. திரும்பி வர்றதுக்குத்தான்... ஞாயித்துக்கிழமை சாயங்கால வண்டியில ரெண்டு சீட்டுப் பிடிச்சு வச்சிருக்கார். இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள முடிவு சொல்லணுமாம், இல்லாட்டி வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்னார். அதான் கேக்கறேன். திரும்பி வர்றதுக்கு ஒண்ணா, ரெண்டா.

... ஹலோ... ... லைன்ல இருக்கியா... ... ஏன் உன் குரல் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு... ... என்னமோ உறுமுது அங்க. ... ஓ, ஜெனரேட்டரா. காலேஜ்ல கரண்ட் இல்லையா. சரி சரி.

... மழையா... மழை பெஞ்சா நனைஞ்சுட்டுப் போறேன். கரைஞ்சா போயிடுவேன்... ... ரூம் கிடைக்காதா. ஏன்? ... பட்டமளிப்பு விழாவா. ... யாருக்கு, உனக்கா? உனக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. ... அப்படியா, எல்லா லாட்ஜும் நிறைஞ்சிடுச்சா. பஸ் ஸ்டாண்டு எதிர்ல ஒண்ணு இருக்குமே, போன தடவை நான் தங்கினேனே, கட்டில் ஒரு பக்கமா சரிஞ்சு ராத்திரி முழுக்கச் சுவரைப் பிடிச்சுக்கிட்டே படுத்திருந்தேனே, அது நிறையாது. காலையிலதான் ஃபோன் பண்ணிக் கேட்டேன். எனக்காகவே வச்சிருக்காங்க.

... சரி, பரீட்சைன்னா நீ படி. நான் உன்னைத் தொந்தரவு பண்ண மாட்டேன். உங்க ஊரைச் சுத்திப் பார்க்கறேன். ... ஏன் இல்ல? காலேஜ் வாசல்ல ஜெராக்ஸ் கடை, அதுக்குப் பக்கத்துல ஜெராக்ஸ் கடை, அதைத் தாண்டினா டீக்கடை, டீக்கடை மாடியில ஜெராக்ஸ் கடை. ஊர்ல பாதிப் பேர் படிக்கிறாங்க, மீதிப் பேர் ஜெராக்ஸ் எடுக்கிறாங்க. ரெண்டு நாள் எனக்குப் பொழுது போயிடும்.

... இரு, இரு, ஒரு நிமிஷம். மேல யாரோ கதவைத் தட்டுறாங்க...

என்னம்மா... ஆமாம்மா, உள்ள ஆள் இருக்கு... மெக்கானிக்தாம்மா... இல்லம்மா, மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம், நான்தான் அந்த மெக்கானிக்... ... அதான்மா, ரெடி பண்றதுக்குத்தான் உள்ள இருக்கேன்... படியில போங்கம்மா, உடம்புக்கு நல்லது...

... ஹலோ... நாலாவது மாடி அம்மா. கையில காய்கறிப் பையோட நிக்கிறாங்க போல. பாவம். மெக்கானிக் உள்ள இருந்தா அப்ப வெளிய யார் ரிப்பேர் பண்றதுன்னு கேக்கறாங்க. நியாயமான கேள்விதான்.

சரி, நீ பேச்சை மாத்தாதே. ... நீதான் மாத்தறே. நான் கேட்டது மழையைப் பத்தியோ லாட்ஜைப் பத்தியோ இல்லையே. அம்மா ஞாயித்துக்கிழமை என்கூட வர்றாளா, இல்லையா. ... இல்ல பாப்பா, யோசிச்சுப் பாரு. உன் கால் முறிஞ்சதுன்னு ஃபோன் வந்தன்னைக்கு ஒரு வாரம் இருந்துட்டு வர்றேன்னு ஒரு பையோட கிளம்பினா. சரி, கட்டுப் போட்ட கால், குளிக்க வைக்கணும், சமைச்சுப் போடணும், ஹாஸ்டல் பக்கத்துலயே ஒரு ரூம் எடுத்துக்கோ, போன்னு நானேதான் சொன்னேன். கட்டுப் பிரிக்கிற வரைக்கும்னா. பிரிச்சாச்சு. நடந்து பழகற வரைக்கும்னா. போன மாசம் நீ கையில கோப்பையோட ஒரு படம் அனுப்பினே. ரிலே ஓட்டத்துல ரெண்டாவது. ... சந்தோஷம்தான், யார் இல்லேன்னா. ஓடற அளவுக்குக் கால் சரியாயிடுச்சுல்ல. கால் வந்துடுச்சு. அம்மா வரலை.

... கோவம் இல்ல. ... இல்லவே இல்ல. கேக்கறேன், அவ்வளவுதான். உங்க மாமாவுக்கு ஃபோன் பண்ணிக் கேட்டேன், அக்கா ஏதாவது சொன்னாளான்னு. அவர் கிரிக்கெட் ஸ்கோர் சொன்னார். அத்தையைக் கேட்டேன். நேரத்துக்குச் சாப்பிடுங்கன்னாங்க. ஊரே சேர்ந்து ஒரு பதிலை ஒளிச்சு வச்சுக்கிட்டு என்னைத் தேடவிடறீங்க. இங்க நான் ஸ்பேனர் மாமாகிட்ட ஞாயித்துக்கிழமை அவ வந்துடுவான்னு சொல்லிட்டேன். கீழ் வீட்டுல சொல்லிட்டேன். பால்காரர்கிட்ட திங்கக்கிழமையிலிருந்து கூட ஒரு பாக்கெட் போடச் சொல்லிட்டேன். ... ஆமா, கேக்காமத்தான் சொன்னேன். வாய் சொல்லிடுச்சு.

... நீ அவகிட்ட கேட்டுச் சொல்லேன். ... ஏன்... எப்பவும் நீதானே கேட்டுச் சொல்லுவே. ... நானா... நேராவா...

... இல்ல, பேசுவோமே. ஏன் பேசாம... எழுந்தாச்சு, கிளம்பியாச்சு, சாவி எங்கன்னு எல்லாம் பேசுவோம். ... ஆமா, மத்ததெல்லாம் உன் மூலமாத்தான். அது நம்ம வீட்டு வழக்கம். மூணு பேரும் ஒரே மேஜையில உக்காந்திருப்போம். அப்பாவுக்கு இன்னும் வேணுமான்னு கேளுன்னு அவ உன்கிட்ட சொல்லுவா, போதும்னு சொல்லுன்னு நான் உன்கிட்ட சொல்லுவேன். நடுவுல நீ பாட்டுக்குச் சாப்பிட்டுக்கிட்டிருப்பே. நீ வாயையே திறக்க வேண்டாம், விஷயம் போய்ச் சேர்ந்துடும். ... நீ ஹாஸ்டலுக்குப் போன பிறகும்தான். ஒரே சோபாவுல உக்காந்துக்கிட்டு, அப்பாவை ஃபேனைக் குறைக்கச் சொல்லுன்னு அவ உனக்கு ஃபோன் பண்ணுவா. நீ எனக்குப் பண்ணுவே. நான் எழுந்து குறைப்பேன். ஒரு சண்டை உண்டா, ஒரு சத்தம் உண்டா. நல்லாத்தானே ஓடிக்கிட்டிருந்துச்சு.

... என்ன... ... என்ன சொன்னே... ... வேலையை விட்டுட்டியா. எந்த வேலையை... ... ஓ. ... இந்த வேலையையா. ... இனிமே சொல்ல மாட்டியா. எதையுமேவா. ... பாப்பா, ராஜினாமா பண்றதுன்னா ஒரு மாசம் முன்னாடி சொல்லணும். திடுதிப்புன்னு ஆள் மாட்டிக்கிட்டிருக்கிற நேரமாப் பார்த்து... ... சரி. சரி. ... புரியுது. சலிச்சுப் போயிருக்கும். புரியுது.

... ... இல்ல, இருக்கேன். ... உன்கிட்ட சொல்றதுக்கென்ன. அவகிட்ட மட்டும் சொல்லாதே. எனக்குக் கொஞ்சம் உதறலா இருக்கு. முதல் மாசம் ஜாலியாத்தான் இருந்துச்சு. லைட்டை எரிய விட்டுட்டே தூங்கலாம், ஈரத் துண்டைக் கட்டில்ல போடலாம், கேக்க ஆள் இல்ல. இப்ப துண்டைப் போட்டுட்டு நானே எடுத்துக் காயப் போடறேன். யாரும் திட்டலைங்கிறதுக்காகவே எடுக்கறேன். ... ராத்திரி தூக்கம் வரலை. உனக்குத்தான் தெரியுமே உங்கம்மா குறட்டை. நான் வேலை பார்த்த எந்த மோட்டாரும் அப்படிச் சத்தம் போட்டதில்ல, போட்டிருந்தா அன்னைக்கே கழட்டிக் கீழ இறக்கியிருப்பேன். ஆனா அது இல்லாம வீடு என்னமோ மெஷின் நின்னுபோன மாதிரி...

... யாரு சிரிக்கிறது. ... பாப்பா, யாரு அது சிரிச்சது. ஒரு ஆள் இல்லையே அது. ஒரு வகுப்பே சிரிக்குதே. ... ஸ்பீக்கர்லயா போட்டிருக்கே... ... எங்க இருக்கே நீ... ... இப்ப ஹார்ன் அடிச்சது யாரு. ஜெனரேட்டர் ஹார்ன் அடிக்குமா...

... வேன்லயா. ... ஹாஸ்டல் வேன்ல. சரி. எத்தனை பேரு இருக்கீங்க உள்ள... ... வேன் நிறையவா. ... எல்லாருக்கும் வணக்கம்மா. நான்தான் அப்பா. மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுலேருந்து பேசறேன். ... ஆமாம்மா, நல்லா இருக்கேன்மா.

பாப்பா, அதை ஆஃப் பண்ணு முதல்ல. ... ஏன் முடியாது... ... யாருக்குக் கேக்கணும்... ... முன்னாடி சீட்டுல யாரு...

... ...

அம்மாவா. ... அவ எங்க உக்காந்திருக்கா. ... இல்ல, திரும்பச் சொல்லு. ... ஓட்டறாளா. ... வேனையா.

... விளையாடாதே. ... உங்கம்மா ஸ்கூட்டர்ல பின்னாடி உக்காந்தாலே என் சட்டையைக் கிழிச்சுடுவா, அவ போய்... ... ஆமா, கல்யாணத்துக்கு முன்னாடி அவங்க அப்பாவோட டெம்போவை ஓட்டினா, தெரியும், அவங்க வீட்டுல போட்டோகூட மாட்டியிருந்தாங்க. அது எந்தக் காலம். லைசென்ஸ் இருக்கணும்ல... ... புதுப்பிச்சுக்கிட்டே இருந்தாளா. எனக்குத் தெரியாமலா... ... நான்தான் கூட்டிட்டுப் போனேனா. எங்க... ... ம்... அந்த ஆபீஸா. வெளிய வேப்பமரத்தடியில நின்னு கடலை வாங்கித் தின்னேன், ஞாபகம் இருக்கு. உள்ள என்ன வேலைன்னு... ரேஷன் கார்டு விஷயம்னு நினைச்சேன்.

... எப்பலேருந்து... ... பழைய டிரைவர் போனதிலேருந்தா. ... காலையில ஹாஸ்டல்லேருந்து காலேஜ், மத்தியானம் காலேஜ்லேருந்து ஹாஸ்டல். ... சம்பளத்துக்கு. ... சரி. ... அப்ப நான் முதல்லேருந்து பேசினது அத்தனையும் அவளுக்குக் கேட்டுச்சா. ... மாட்டிக்கிட்டது. ... பால்காரர். ... குறட்டையுமா. ... ஆமா, அதுக்குத்தானே ஹார்ன் அடிச்சா.

... நின்னுடுச்சா. ... ஹாஸ்டல் வந்துடுச்சா. சரி, பிள்ளைங்க இறங்கட்டும். ... ... நீ எங்க போறே. நீ இரு பாப்பா. ... நீயும் இறங்கினா எப்படி... ... இல்ல, கொஞ்ச நேரம் நீ பக்கத்துலயாவது... பாப்பா... ஃபோனை யார்கிட்ட குடுக்கறே... ஹலோ...

... ...

ம்... ஆமா, நான்தான். ... ம். ... நல்லா இருக்கியா. ... நல்லா இருக்கேன். ... சாப்பிட்டேன். ... காலையில சாப்பிட்டேன், மத்தியானம் இன்னும்... லிஃப்ட் நின்னுடுச்சு. ... ஸ்பேனர் வந்துக்கிட்டிருக்கார். ... காத்து வருது, வருது. மேல ஃபேன் ஓடுது. ... யாரும் குறைக்கச் சொல்லலை.

... வேன் எப்படி ஓடுது. ... பிரேக் எல்லாம் பிடிக்குதா. ... கியர் மாத்தும்போது சத்தம் வந்தா கிளட்ச் கேபிளைப் பார்க்கச் சொல்லு. ... பார்த்துட்டியா. நீயே மாத்தினியா. ... சரி.

நல்லாத்தான் இருக்கு போ. நான் வாழ்நாள் முழுக்க மேலயும் கீழயும் போய்க்கிட்டே இருக்கேன், நீ முதல் வேலையிலயே நேராப் போயிட்டே. நான் ஏத்தி இறக்கறவங்க திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க, உனக்குக் கூட்டமாச் சிரிக்கிறதுக்கு...

... ம். ... ஜோக் வேண்டாம். சரி. ... சரி, அடிக்கலை. ... நிறுத்திட்டேன்.

... ...

கேக்கறேன். ... இரு, கேக்கறேன். ... இல்ல, டிராவல்ஸ்காரர் சாயங்காலத்துக்குள்ள... ... ஆமா, அதை நீயே கேட்டுட்டே. ... பாப்பா போயிட்டாளா. ... போயிட்டா. ... ம்.

இங்க பாரு. எனக்கு இப்படி நேராக் கேட்டுப் பழக்கமில்ல. தப்பா வந்தா... ... சரி. கேக்கறேன். நான் சனிக்கிழமை வரலாமா. அப்புறம்... ஞாயித்துக்கிழமை நீ என்கூட வருவியா. அதான். அவ்வளவுதான் கேள்வி. வேற எதுவும் சுத்தி வளைக்கலை. மழை, லாட்ஜ், ஒண்ணும் வேண்டாம். இருக்கறதைச் சொல்லு.

... ... ...

ம். ... வரலாம். ... ம். ... லாட்ஜ் வேண்டாமா. ... உன் ரூம்லயா. ... சரி. ... பஸ் ஸ்டாண்டுக்கு நீயே வருவியா. வேனையா எடுத்துட்டு... ... ஓ, சனிக்கிழமை சும்மாத்தான் நிக்குமா. கேட்டுட்டியா காலேஜ்ல. ... முன்னாடியே கேட்டு வச்சுட்டியா. ... ம். ... ம்.

... திரும்பிப் போறதுக்கு... ... ம். ...

ஒண்ணு.

... ... இல்ல, கேட்டுச்சு. நல்லாக் கேட்டுச்சு. ஒண்ணு. ... ம். ... கோவமா என் மேல. ... இல்லையா. ... அப்ப நான் ஏதாவது... ... அதுவும் இல்ல. ... அப்ப என்னதான்... ... ம். ... பிடிச்சிருக்கு. ... அந்த வேலை உனக்குப் பிடிச்சிருக்கு. ... காலையில எழுந்ததும் போகணும்னு இருக்கு. ... ம். ... எனக்குப் புரியுது. ... இல்ல, நிஜமாவே புரியுது. எனக்கும் அப்படி இருந்திருக்கு, முதல் லிஃப்ட் ஓடின அன்னைக்கு. உன்கிட்டகூட... பாப்பா அப்ப பொறக்கலை, அதனால சொல்லலை போல.

... அடுத்த வருஷமும் ஓட்டறேன்னு சொல்லிட்டியா. ... எழுதிக் குடுத்தாச்சு. ... ம். ... அப்புறம்... ... அதுக்கப்புறம் உனக்கே தெரியாது. ... சரி. தெரியாதுன்னு சொன்னியே, அதுவே போதும். இத்தனை நாள் எல்லாரும் தெரிஞ்சுக்கிட்டே ஸ்கோர் சொல்லிக்கிட்டிருந்தாங்க.

... மாசா மாசம் வரட்டுமா. ... நிஜமாவா. ... ம். வர்றேன்.

... இல்ல, குரல் எல்லாம் ஒண்ணும் இல்ல. லிஃப்ட்டுக்குள்ள தூசி. ... சரி, தூசி இல்ல.

... யாரு கூப்பிடறா உன்னை... ... அடுத்த டிரிப்பா. ... போ, போ. பிள்ளைங்க வாசல்ல நிக்கப் போகுதுங்க. ... நான் டிராவல்ஸ்காரர்கிட்ட சொல்லிடறேன். போக ஒண்ணு, வர ஒண்ணு. ... ஜன்னல் ஓரமாக் கேட்டு வாங்கிக்கறேன். ... இல்ல, ஜோக் இல்ல. இத்தனை வருஷம் உன்கூடவே வந்துக்கிட்டிருந்தேனா, நான் அந்தப் பக்கம் உக்காந்ததே இல்ல.

... ம். ... ம். ... நீ வை. ... வண்டியைக் கிளப்பு, நீ முதல்ல வை.